ஆலன் பேஜ்: 225 பவுண்டுன்னு சொல்லி வைக்கிங்ஸ் வெட்டி விட்டது சரியா?

ஊதா88
வணக்கம் மக்களே. போன வாரம் இங்க ஓடுன, அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்ல "சிறந்த டிஃபென்சிவ் டேக்கிள் (தடுப்பு வரிசை நடுவுல நிக்கிறவர்) யாரு"ங்கற இழைல ஆரன் டொனால்ட், ஜோ கிரீன், பாப் லில்லி, ஜான் ரேண்டல்னு எல்லார் பேரும் வந்துச்சு. ஆலன் பேஜ் பேர ஒரே ஒருத்தர் தான் சொன்னார், அதுக்கும் யாரும் பதில் போடல. மனசு ஆறல, அதான் தனி இழை.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன். 1945ல ஒஹாயோ கேன்டன்ல பொறந்தவர். நோட்ர டேம் காலேஜ்ல டிஃபென்சிவ் எண்டா ஆடுனார், 1967 டிராஃப்ட்ல (டீமுங்க காலேஜ் ஆளுங்கள வரிசையா எடுக்குறது) மினசோட்டா வைக்கிங்ஸ் மொத ரவுண்டுல 15வது ஆளா எடுத்தாங்க, வந்த வருஷமே ஓரத்துல இருந்து உள்ள தள்ளி டேக்கிளா நிறுத்திட்டாங்க. 1968ல இருந்து 1976 வரைக்கும் 9 வருஷம் வரிசையா ப்ரோ பவுல் (லீக்கோட சிறந்த ஆளுங்க ஆடுற மேட்ச்). 1971ல ஏபி செய்தி நிறுவனத்தோட எம்விபி, அதாவது சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது. டிஃபென்ஸ்ல ஆடுற ஆளுக்கு அந்த விருது போனது அதான் மொத தடவ, அதுக்கப்புறம் 1986ல லாரன்ஸ் டெய்லருக்கு போச்சு, இன்னிக்கு வரைக்கும் அந்த ரெண்டே பேரு தான். 15 சீசன், 218 மேட்ச், ஒரு மேட்ச் கூட விடல.

அப்பேர்ப்பட்ட ஆள 1978 சீசன் நடுவுல வைக்கிங்ஸ் வெட்டி விட்டுச்சு. காரணம், உடம்பு எளச்சு 225 பவுண்டுக்கு வந்துட்டாரு, இனிமே நடு லைன்ல தாங்க மாட்டாரு. வெய்வர்ல (வெட்டுன ஆள மத்த டீம் கேட்டு எடுத்துக்கற முறை) சிகாகோ பியர்ஸ் தூக்குனாங்க, அதுக்கு அவங்க கட்டுன ஃபீஸ் 100 டாலர்.

எனக்கு இது இன்னிக்கும் வலிக்குது. நீங்க என்ன நெனைக்கிறீங்க? கோச் பட் கிராண்ட் பண்ணது சரியா?

மூணாம்டவுன்
ஊதா அண்ணா, மரியாதையோட சொல்றேன், கிராண்ட் பண்ணதுல எனக்கு தப்பு தெரியல. 225 பவுண்டுன்னா 102 கிலோ. இன்னிக்கு அந்த வெயிட்டுல, முன் வரிசைக்கு பின்னாடி நிக்கிற சேஃப்டி ஆடுறாங்க, லைன்பேக்கர் ஆடுறாங்க, டேக்கிள் யாரும் ஆடல. எதிர்ல இருக்குற கார்டும் சென்டரும் சேந்து ஒரு தடவ தள்ளுனா முடிஞ்சுச்சு. டேக்கிளோட மொத வேலையே ரன் ப்ளே (பால எறியாம தூக்கிட்டு ஓடுறது) வரும்போது இடத்த விடாம நிக்கிறது. எம்விபி வாங்குனது 1971ல, வெட்டுனது 1978ல. நடுவுல 7 வருஷம் ஓடிருச்சுல்ல, 33 வயசு வேற. எந்த டீமா இருந்தாலும் யோசிக்கும்.

இன்னொண்ணு, அந்த காலத்து ஆளுங்கள இப்ப உள்ளவங்களோட ஒப்பிடவே கூடாதுங்கறது என் கட்சி.

குளிர்காடு
நான் இருக்குறது ப்ளூமிங்டன்ல, மினியாபொலிஸ் பக்கம். ஊருக்கு விருந்தாளி யாரு வந்தாலும் மால் ஆஃப் அமெரிக்காவுக்கு கூட்டிட்டு போறது இங்க வழக்கம். அந்த மால் நிக்கிற எடத்துல தான் பழைய மெட் ஸ்டேடியம் இருந்துச்சு, பேஜ் ஆடுனது அங்க தான், 1981 வரைக்கும் வைக்கிங்ஸ் வீடு அது. மேல கூரை கெடையாது. டிசம்பர்ல இங்க வந்து பாத்தவங்களுக்கு தெரியும், மூச்சு விட்டா மீசைல பனி ஒட்டும். அந்த குளிர்ல பட் கிராண்ட் சைட்லைன்ல ஹீட்டர் வைக்க விட மாட்டார். எதிர் டீம் ஹீட்டர சுத்தி நின்னு கைய தேச்சுட்டு இருப்பாங்க, வைக்கிங்ஸ் ஆளுங்க அசையாம நிப்பாங்க.

பேஜ், கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன். பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்னு பேரு வாங்குன நாலு பேரு. "குவார்ட்டர்பேக் கிட்ட சந்திப்போம்" அப்படிங்கறது தான் அவங்களுக்குள்ள வச்சிருந்த பேச்சு (குவார்ட்டர்பேக்னா எதிர் டீம்ல பால எறியுற ஆளு). 1969ல 14 மேட்ச்ல எதிராளிங்க எடுத்த மொத்த பாயிண்ட் 133. மேட்சுக்கு பத்து கூட வரல. 1971ல 139.

புதுசு_ஃபுட்பால்
நான் இந்த கேம் பாக்க ஆரம்பிச்சே ரெண்டு வருஷம் தான் ஆச்சு, தப்பா கேட்டா மன்னிச்சுக்கோங்க. டேக்கிள்னு சொல்றவரு சரியா என்ன பண்றாரு? டிவில பால் பின்னாடியே கண்ணு போயிடுது, நடுவுல ஒரு கூட்டம் முட்டிக்கிட்டு நிக்கிறது மட்டும் தெரியுது. அதுல யாரு நல்லா ஆடுறான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

லைன்பைத்தியம்
புதுசு தம்பி, மன்னிப்பெல்லாம் எதுக்கு, இதத்தான் எல்லாரும் கேக்கணும். பசங்களுக்கு லைன் சொல்லிக்குடுக்குற ஆள் நான், அதனால கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

டிஃபென்ஸ் முன் வரிசைல பொதுவா நாலு பேரு, ஓரத்துல ரெண்டு எண்டு, உள்ள ரெண்டு டேக்கிள். எதிர்ல அஞ்சு பேரு, சென்டர், ரெண்டு கார்டு, ரெண்டு அஃபென்சிவ் டேக்கிள். சென்டர் கால் இடுக்கு வழியா பால பின்னாடி குடுக்குறதுக்கு பேரு ஸ்னாப். ஸ்னாப் எப்ப வரும்னு அந்த அஞ்சு பேருக்கும் முன்னாடியே தெரியும், டிஃபென்ஸ்ல இருக்குறவனுக்கு தெரியாது. பால் அசையுறத பாத்து தான் கிளம்பணும். இந்த வித்தியாசம் தான் லைன்மேனோட வாழ்க்க. தெரியாதவன் தெரிஞ்சவனுக்கு முன்னாடி மொத அடி எடுத்து வைக்கணும்.

பேஜ் கிட்ட இருந்தது அது தான். பழைய ஃபிலிம்ல பாருங்க, பால் அசையுற அதே நொடில கெளம்பிடுறார், எதிர்ல இருக்குற கார்டு இன்னும் குனிஞ்ச எடத்துலயே இருக்கான், இவரு அவன் தோள தாண்டி பாதி போயிட்டார். முட்டி தள்ளி ஜெயிக்கிறவர் இல்ல, எதிராளி கைய வைக்கிறதுக்கு ஆள் அங்க இருக்க மாட்டார். 1971 டிசம்பர்ல டெட்ராய்ட் லயன்ஸ் மேட்ச் ஒண்ணு இருக்கு, ரெஃப்ரி பெனால்டி குடுத்துட்டாருன்னு இவருக்கு கோபம் வந்து, அதுக்கப்புறம் வர்ற ஸ்னாப்புல எல்லாம் லயன்ஸ் லைன் இவர நிறுத்த முடியாம திணறுது. கெடச்சா பாருங்க.

இப்ப மூணாம்டவுன் சொன்ன வெயிட் விஷயம். இடத்த விடாம நிக்கிறது மொத வேலன்னு சொன்னீங்க, அது ரெண்டு பேர ஒரே ஆளு தாங்குற நோஸ் டேக்கிளுக்கு முழுசா பொருந்தும். பேஜ் ஆடுனது அந்த வேல இல்ல. கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவுல இருக்குற சந்துல பூந்து பின்னாடி போய் ப்ளேய மொளைக்கும்போதே கிள்ளுறது. ரன் ப்ளேயா இருந்தாலும் பால வாங்குறவன் கால் எடுத்து வைக்கிறதுக்குள்ள இவரு அங்க நிப்பார். அந்த வேலைக்கு 20 பவுண்டு கொறஞ்சா நஷ்டம் மட்டும் இல்ல, கொஞ்சம் லாபமும் இருக்கு.

மூணாம்டவுன்
லைன்பைத்தியம் அண்ணா, விளக்கம் அருமை, ஒத்துக்கிறேன். ஆனா அது இளம் வயசுல. 33 வயசுல அந்த மொத அடி கொறையும், அதோட வெயிட்டும் போச்சுன்னா கைல என்ன மிச்சம்? கோச் பாக்குறது அடுத்த ஞாயித்துக்கிழமைய தானே.

ஊதா88
தம்பி, இதுக்குத்தான் இழையே ஆரம்பிச்சேன். மிச்சம் என்ன இருந்துச்சுன்னு பியர்ஸ்ல காட்டுனாருல்ல. 58 மேட்ச், 40 சாக் (குவார்ட்டர்பேக் பால எறியுறதுக்குள்ள அவர புடிச்சு வீழ்த்துறது). டேக்கிள் பொசிஷன்ல. 33 வயசுல இருந்து 36 வரைக்கும். வைக்கிங்ஸ்ல 160 மேட்ச்ல 108.5. கணக்கு போட்டு பாருங்க, மேட்சுக்கு எவ்வளவுன்னு பாத்தா ரெண்டும் ஏறக்கொறைய ஒண்ணு தான், சொல்லப்போனா சிகாகோல ஒரு நூல் மேல. மெலிஞ்சு போனார்னு வெட்டுன அந்த உடம்போட.

புள்ளிக்கணக்கு
ஒரு சின்ன எச்சரிக்க. 1982ல இருந்து தான் என்எஃப்எல் சாக்க அதிகாரபூர்வமா எண்ண ஆரம்பிச்சுது. பேஜ் ரிட்டயர் ஆனது 1981. அதனால அவரோட அதிகாரபூர்வ சாக் பூஜ்யம். 148.5ங்கறது பழைய மேட்ச் ஷீட்டெல்லாம் தோண்டி ஆராய்ச்சி பண்ணவங்க எடுத்த எண்ணிக்க. நான் அத நம்புறேன், ஏன்னா எடுத்தவங்க வருஷக்கணக்கா உக்காந்து ஒவ்வொரு மேட்சா பாத்தவங்க. அந்த கணக்குப்படி ஜான் ரேண்டல் 137.5, ஆரன் டொனால்ட் 111, பாப் லில்லி 95.5, ஜோ கிரீன் 77.5. டேக்கிள்கள்ல பேஜ் தான் மேல. அதுவும் அவரோட மொத 11 சீசன் 14 மேட்ச் சீசன், டொனால்டுக்கு 16, கடைசில 17.

ஆனா டொனால்ட கொறச்சு பேசவும் முடியாது. 10 சீசன் ஆடி 10 தடவ ப்ரோ பவுல், 8 தடவ மொத டீம் ஆல்ப்ரோ (அந்த வருஷம் லீக்லயே சிறந்தவங்க லிஸ்ட்), 2018ல உள்ள நின்னுக்கிட்டே 20.5 சாக். பேஜுக்கு மொத டீம் ஆல்ப்ரோ 6. என்ன பொறுத்த வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே படிக்கட்டு.

லைன்பைத்தியம்
புள்ளிக்கணக்கு சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க, இது பலருக்கு தெரியாது. 1978ல ரூல் மாறுச்சு. அதுக்கு முன்னாடி பாஸ் ப்ளாக் பண்றப்ப அஃபென்சிவ் லைன்மேன் கைய மடக்கி நெஞ்சோட வச்சுக்கிட்டு தான் தடுக்கணும், கைய நீட்டுனா ஹோல்டிங்னு பெனால்டி. 1978ல இருந்து கைய நீட்டலாம், உள்ளங்கைய விரிச்சு தள்ளலாம்னு விட்டுட்டாங்க. 1977ல தான் தலைல அறையுற ஹெட் ஸ்லாப்ப டிஃபென்ஸ் கிட்ட இருந்து புடுங்குனாங்க. ஒரு பக்கம் இவங்க ஆயுதத்த வாங்கிட்டு, மறு பக்கம் அவங்களுக்கு ஆயுதம் குடுத்தாச்சு. அந்த 40 சாக்க பேஜ் எடுத்தது இந்த ரூலுக்குள்ள நின்னு. வயசு ஏறி, வெயிட் எறங்கி, ரூலும் எதிரா திரும்புன காலத்துல.

மூணாம்டவுன்
இது எனக்கு தெரியாது. சரி, சிகாகோ விஷயத்துல நான் எறங்கி வர்றேன். ஆனா ஒரு கேள்வி, நல்லா ஆடிட்டு இருந்த ஆளோட உடம்பு எதுக்கு எளைக்கணும்? லைன்மேன் வெயிட்ட காப்பாத்துறதும் தொழில்ல ஒரு பாகம் தானே?

ஏரிக்கரை
இதுக்கு நான் பதில் சொல்றேன். அவரோட மனைவி டயான் சிகரெட்ட விடணும்னு ஓட ஆரம்பிச்சாங்க. கூட தொணைக்கு இவரும் ஓடுனார். அவ்ளோ தான் ஆரம்பம். அப்புறம் அவருக்கே அது புடிச்சு போய் தெனமும் மைல் கணக்கா ஓட ஆரம்பிச்சு, 245 பவுண்டு இருந்தவர் 225க்கு வந்தார். 1979ல, பியர்ஸுக்கு ஆடிட்டு இருந்தப்பவே, ஒரு முழு மாரத்தான் ஓடி முடிச்சார். என்எஃப்எல்ல ஆடிட்டு இருக்குற ஒருத்தர் மாரத்தான் முடிச்சது அதான் மொத தடவ. 1987ல 100 கிலோமீட்டர் ஓட்டம் ஒண்ணும் முடிச்சிருக்கார்.

நான் மினியாபொலிஸ், செயின்ட் பால்ல நடக்குற ட்வின் சிட்டிஸ் மாரத்தான் ஓடியிருக்கேன். ஆரம்ப மைல்கள்ல ரோட்டோரமா போ டை கட்டுன ஒரு பெரியவர் தோள்ல சூசபோன்னு பெரிய பித்தள ஊதுகொழல மாட்டிக்கிட்டு ஓடுறவங்களுக்காக ஊதிட்டு நின்னார். பக்கத்துல ஓடுன அம்மா "ஜஸ்டிஸ் பேஜ்! ஜஸ்டிஸ் பேஜ்!"னு கைய ஆட்டுனாங்க. எனக்கு அப்ப அவர் யாருன்னே தெரியாது. வீட்டுக்கு வந்து தேடி படிச்சப்பறம் தான் இந்த கேமையே பாக்க ஆரம்பிச்சேன்.

புதுசு_ஃபுட்பால்
ஏரிக்கரை அக்கா, ஜஸ்டிஸா?? ஜட்ஜ் ஆனாரா?

சட்டப்படி
ஆமா, மினசோட்டா சுப்ரீம் கோர்ட் நீதிபதி. 22 வருஷத்துக்கு மேல. இந்த பகுதிய எழுதத்தான் நான் காத்துட்டு இருந்தேன்.

சின்ன வயசுலயே வக்கீல் ஆகணும்னு ஆச உள்ளவர். வைக்கிங்ஸ் வந்த புதுசுல ஒரு சட்டக் கல்லூரில சேந்து கொஞ்ச நாள்ல விட்டுட்டார். அப்புறம் 1975ல மினசோட்டா பல்கலைக்கழகத்துல மறுபடி சேந்தார். கவனிங்க, அப்ப அவரு ஒவ்வொரு வருஷமும் ஆல்ப்ரோ லிஸ்ட்ல இருக்குற ஆளு. ஒரு பக்கம் ப்ராக்டிஸ், ஞாயித்துக்கிழம மேட்ச், இன்னொரு பக்கம் கிளாஸ், எக்ஸாம். 1978ல சட்டப் பட்டம் வாங்குறார். அதே வருஷம் அக்டோபர்ல டீம் வெட்டுது. அப்புறம் மினியாபொலிஸ்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல சேந்து, சீசன் இல்லாத மாசம் எல்லாம் அங்க வேல, சீசன் வந்தா சிகாகோ. ரிட்டயர் ஆனப்பறம் மாநில அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்ல அரசு வக்கீல்.

1992ல சுப்ரீம் கோர்ட் சீட்டுக்கு நிக்க பாத்தார், மினசோட்டால நீதிபதிகள தேர்தல்ல தான் தேர்ந்தெடுக்கணும். அந்த சீட்டுல இருந்த நீதிபதியோட காலத்த கவர்னர் நீட்டிச்சுட்டாரு, அதனால தேர்தலே கெடையாதுன்னு ஆயிடுச்சு. வேற யாரா இருந்தாலும் அடுத்த தடவ பாத்துக்கலாம்னு போயிருப்பாங்க. இவர் கேஸ் போட்டார். யாரோட சீட்டுக்கு நிக்கிறாரோ அதே கோர்ட்டுல. அந்த நீதிபதிங்க எல்லாரும் ஒதுங்கிக்கிட்டு, தற்காலிகமா வேற நீதிபதிங்கள உக்கார வச்சு விசாரிச்சாங்க, தீர்ப்பு இவர் பக்கம். தேர்தல் நடந்துச்சு, ஜெயிச்சார், 1993 ஜனவரில பதவி. அந்த கோர்ட்டோட மொத கருப்பின நீதிபதி. அப்புறம் மூணு தடவ மறுபடி ஜெயிச்சு, மாநில சட்டப்படி 70 வயசு ஆனதும் 2015ல எறங்குனார்.

இதுல எனக்கு படுற ஒண்ணு சொல்றேன். வைக்கிங்ஸ் வெட்டுனதுக்கு வெயிட் மட்டும் காரணம்னு நான் நம்பல. 70கள்ல அவர் ப்ளேயர்ஸ் யூனியன்ல முக்கியமான ஆளு, டீம் பிரதிநிதி, செயற்குழுல வேற இருந்தார், 1974 ஸ்ட்ரைக் நடந்த காலம் அது. கூட சட்டமும் படிக்கிறார், கேள்வியும் கேக்குறார். டீமுக்கு இது சௌகரியமா இருந்திருக்காது. இது என் கருத்து தான், ஆவணம் ஏதும் என் கைல கெடையாது.

குளிர்காடு
சட்டப்படி சார், பட் கிராண்ட பத்தி இங்க பெரியவங்க கிட்ட பேசுனா அவங்க அப்படி சொல்ல மாட்டாங்க. கிராண்டுக்கு எல்லாரும் ஒண்ணு தான், நாலு சூப்பர் பவுலுக்கு (என்எஃப்எல் ஃபைனல்) கூட்டிட்டு போன மனுஷன். ரன் ப்ளேல உள்ள குத்து விழுதுன்னு அவர் நேர்மையா நெனச்சிருக்கலாம். 2023ல அவர் இறந்தப்ப ஊரே அழுதுச்சு. எனக்கு ரெண்டு பேரையும் விட்டுக்குடுக்க மனசில்ல.

மூணாம்டவுன்
நாலு சூப்பர் பவுல்னு சொன்னீங்க, நாலுமே தோல்வின்னும் சொல்லணும்ல. கேன்சஸ் சிட்டி கிட்ட 23-7, மயாமி கிட்ட 24-7, பிட்ஸ்பர்க் கிட்ட 16-6, ஓக்லண்ட் கிட்ட 32-14. நாலுலயும் பேஜ் இருந்தார். சூப்பர் பவுல் ஜெயிச்சவங்களுக்கு தர்ற மோதிரம் இல்லாத ஆள மொத இடத்துல வைக்க எனக்கு கஷ்டமா இருக்கு.

லைன்பைத்தியம்
மூணாம்டவுன், ஸ்கோர மறுபடி ஒரு தடவ படிங்க. வைக்கிங்ஸ் எடுத்தது 7, 7, 6, 14. நாலு மேட்சும் சேத்து 34 பாயிண்ட். பால் கைல இருந்தப்ப அஃபென்ஸ் என்ன பண்ணுச்சுன்னு அதுலயே தெரியுது. பிட்ஸ்பர்க் கூட ஹாஃப் டைம் ஸ்கோர் 2-0, அதுவும் சேஃப்டில வந்த பாயிண்ட் (இது பொசிஷன் இல்ல, பால் வச்சிருக்குறவன அவன் எல்லைக்குள்ளயே மடக்குனா எதிர் டீமுக்கு கெடைக்கிற 2 பாயிண்ட்). டிஃபென்சிவ் டேக்கிள் டச்டவுன் அடிக்கணும்னு எதிர்பாக்க முடியாது. ஆனா ஓக்லண்ட் மேட்ச்ல வைக்கிங்ஸ் லைன் அடி வாங்குச்சு, அத நான் மறைக்கல. எல்லரும் மார்ஷலும் பேஜும் எல்லாருக்குமே அன்னிக்கு மோசமான நாள்.

கேன்டன்_அக்கா
நான் இருக்குறது ஒஹாயோல, கேன்டன்ல இருக்குற ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல (சாதனையாளர் மியூசியம்) இருந்து கார்ல கொஞ்ச தூரம். பசங்கள அங்க கூட்டிட்டு போறப்பல்லாம் ஒரு விஷயம் சொல்லுவேன். அந்த கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுனது 1962, தெறந்தது 1963. அந்த ஊர் பையனான ஆலன் பேஜ் ஸ்கூல் வயசுல அந்த கட்டட வேலைல கூலி ஆளா வேல பாத்திருக்கார். 25 வருஷம் கழிச்சு 1988ல அதே கட்டடத்துக்குள்ள அவரோட வெண்கல தல சிலை.

அந்த 1988 விழால அவர் பேசுனது ஃபுட்பால பத்தி இல்ல, படிப்ப பத்தி. மேடைல அவர அறிமுகப்படுத்த எல்லாரும் கோச்சையோ கூட ஆடுனவங்களையோ கூப்பிடுவாங்க, இவர் மினியாபொலிஸ்ல ஒரு ஸ்கூல் பிரின்சிபலா இருந்த அம்மாவ கூப்பிட்டார். அதுக்கு ஒரு காரணம் உண்டு. வைக்கிங்ஸ் மீட்டிங் ரூம்ல ஒரு நாள் கோச் ப்ளேபுக்க (ஆட்ட திட்டம் எழுதுன புக்) ஒவ்வொருத்தரா சத்தமா படிக்க சொல்றார். சில பேரால படிக்கவே முடியல. காலேஜ் முடிச்சு வந்ததா சொல்ற ஆளுங்க. கூடவே வருஷக்கணக்கா ஆடுனவங்களுக்கு எழுத்து கூட்டி படிக்க வரலன்னு அன்னிக்கு தான் இவருக்கு தெரிஞ்சுது. ஸ்கூல்ல, காலேஜ்ல எல்லாரும் இவன் நல்லா ஆடுறான்னு சொல்லி அடுத்த வகுப்புக்கு தள்ளி விட்டுட்டே வந்திருக்காங்க.

அதே 1988ல மனைவியோட சேந்து பேஜ் எஜுகேஷன் ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சார். மினசோட்டால கருப்பின, மத்த சிறுபான்மை பசங்களுக்கு காலேஜ் உதவித்தொக. ஆனா சும்மா வாங்கிட்டு போக முடியாது, வாங்குற ஒவ்வொருத்தரும் சின்ன வகுப்பு பசங்களுக்கு உக்காந்து சொல்லிக்குடுக்கணும், அது நிபந்தன. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்ப புடிச்சது, காசு ஒரு தலமுறைக்கு போகுது, படிப்பு ரெண்டு தலமுறைக்கு போகுது.

ஏரிக்கரை
அக்கா எழுதுனத படிச்சு கண்ணு கலங்கிடுச்சு. என் பொண்ணு படிச்சது ஜஸ்டிஸ் பேஜ் மிடில் ஸ்கூல். முன்னாடி அதுக்கு அலெக்சாண்டர் ராம்சேன்னு பழைய கவர்னர் பேரு, டகோட்டா பழங்குடி மக்கள அழிக்கணும் இல்லன்னா மாநிலத்த விட்டே தொரத்தணும்னு சொன்ன ஆளு. பசங்களே இந்த பேரு எங்களுக்கு வேண்டாம்னு கெளம்பி, 2017ல பேர மாத்த வச்சாங்க.

2020ல இவரும் மினியாபொலிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி தலைவர் நீல் காஷ்காரியும், அவரு நம்ம இந்திய வம்சாவளி, சேந்து மாநில அரசியல் சாசனத்துல தரமான படிப்பு ஒவ்வொரு கொழந்தைக்கும் உரிமைன்னு திருத்தம் கொண்டு வரணும்னு கெளம்புனாங்க. அப்ப பேஜுக்கு வயசு 70க்கு மேல.

புதுசு_ஃபுட்பால்
நேத்து ராத்திரி உக்காந்து பழைய வீடியோ தேடி பாத்தேன். 88ம் நம்பர். லைன்பைத்தியம் அண்ணா சொன்ன மாதிரி பால விட்டுட்டு அவர மட்டும் பாத்தேன். மொத நாலஞ்சு ப்ளே ஒண்ணும் புரியல, அப்புறம் புரிஞ்சுது, மத்த எல்லாரும் அசையுறதுக்கு முன்னாடி ஒருத்தர் மட்டும் அசையுறார். இனிமே எனக்கு பால் பின்னாடி கண்ணு போகாதுன்னு நெனைக்கிறேன்.

ஒரு சந்தேகம், பியர்ஸ் மட்டும் எப்படி அவர நம்பி எடுத்தாங்க? மத்த டீமெல்லாம் ஏன் விட்டுச்சு?

ஊதா88
நல்ல கேள்வி தம்பி. 1978ல பியர்ஸுக்கு புதுசா வந்த ஹெட் கோச் நீல் ஆம்ஸ்ட்ராங், நிலாவுக்கு போனவர் இல்ல, இவர் வேற. அதுக்கு முந்தி வரைக்கும் வைக்கிங்ஸ்ல டிஃபென்ஸ் கோச்சா இருந்தவர். அவர் கூட கூட்டிட்டு வந்த டிஃபென்ஸ் கோச் பட்டி ரயன், 1976, 77ல வைக்கிங்ஸ்ல லைன் கோச். அதாவது பேஜ தெனமும் கிட்டத்துல நின்னு பாத்த ரெண்டு பேரு சிகாகோல இருந்தாங்க. தராசுல ஏத்தி பாக்க வேண்டிய அவசியம் அவங்களுக்கு இல்ல.

இதுக்கப்புறம் நடந்தது தான் இந்த இழைல நான் சொல்ல வந்ததுலயே எனக்கு ரொம்ப முக்கியம். 1981 கடைசில பியர்ஸ் தோத்துட்டே இருக்கு, ஆம்ஸ்ட்ராங் வேல போகப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும், அவர் போனா புதுசா வர்றவர் பட்டி ரயனையும் மாத்திடுவார். டிஃபென்ஸ் ஆளுங்க சேந்து டீம் ஓனர் ஜார்ஜ் ஹாலஸுக்கு ஒரு லெட்டர் எழுதுறாங்க, எங்க டிஃபென்ஸ் கோச்சுங்கள வச்சுக்கோங்கன்னு. ஹாலஸுக்கு அப்ப 86 வயசு, லீக்க ஆரம்பிச்சு வச்சவங்கள்ல ஒருத்தர். லெட்டர தயார் பண்ணது சேஃப்டி கேரி ஃபென்சிக்கும் ஆலன் பேஜும். எல்லாரும் கையெழுத்து போட்டாங்க. ஹாலஸ் படிச்சுட்டு ஒத்துக்கிட்டார். ஆம்ஸ்ட்ராங் போனார், மைக் டிட்கா வந்தார், ஆனா ரயன் இருந்தார். 1985ல அந்த டிஃபென்ஸோட பியர்ஸ் 15 வெற்றி 1 தோல்வின்னு சீசன முடிச்சு சூப்பர் பவுல்ல நியூ இங்கிலாந்த 46-10ன்னு அடிச்சுது.

பேஜ் அந்த டீம்ல இல்ல, 1981ஓட ரிட்டயர். இன்னும் நாலு வருஷத்துல நடக்கப்போறது அவருக்கு தெரியாது, அவருக்கு அதுல ஒரு பைசா பிரயோசனமும் இல்ல, போகப்போற ஆளு. இருந்தும் அந்த லெட்டர உக்காந்து எழுதுனார். தன்ன வெட்டுனப்ப தனக்காக லெட்டர் எழுத யாரும் இல்லாத மனுஷன்.

மூணாம்டவுன்
இந்த லெட்டர் கதைய கேள்விப்பட்டிருக்கேன், ஆனா எழுதுனது பேஜ்னு இன்னிக்கு தான் தெரியும்.

என் கட்சிய மாத்திக்கிறேன் அண்ணா. கிராண்ட் கெட்ட எண்ணத்துல பண்ணாருன்னு நான் சொல்ல மாட்டேன், குளிர்காடு சொன்னதும் நியாயம் தான். ஆனா முடிவு தப்பு. கிராண்ட் வெயிட்ட பாத்தார், ரயன் பேஜோட கால் வேகத்த பாத்தார். முதல் பத்து பேர்ல வச்சிருந்தேன், இப்ப முதல் மூணுக்குள்ள கொண்டு வர்றேன். டொனால்ட் இன்னும் எனக்கு மேல தான், அத மட்டும் மாத்த கேக்காதீங்க.

புள்ளிக்கணக்கு
ஒரே படிக்கட்டுன்னு நான் தான் அப்பவே சொன்னேனே.

சட்டப்படி
இன்னும் ஒண்ணு சொல்லிட்டு போறேன். 2018 நவம்பர்ல அவருக்கு அமெரிக்காவோட உயர்ந்த குடிமக்கள் விருதான ப்ரெசிடென்ஷியல் மெடல் ஆஃப் ஃப்ரீடம் குடுத்தாங்க. அன்னிக்கு அதே மேடைல டாலஸ் குவார்ட்டர்பேக் ரோஜர் ஸ்டாபாக்குக்கும் குடுத்தாங்க. 1975 டிசம்பர் ப்ளேஆஃப்ல கடைசி நிமிஷத்துல ட்ரூ பியர்சனுக்கு நீளமா ஒண்ணு எறிஞ்சு 17-14ன்னு வைக்கிங்ஸ வீட்டுக்கு அனுப்புனவர். கடைசி நேரத்துல சாமி மேல பாரத்த போட்டு எறியுற நீள பாஸுக்கு ஹெய்ல் மேரிங்கற பேரே ஃபுட்பால்ல பரவுனது அந்த பாஸால தான். அந்த வருஷ வைக்கிங்ஸ் தான் எல்லாத்துலயும் பலமான டீம்னு பழைய ரசிகர்கள் இன்னும் சொல்லுவாங்க. அந்த ரெண்டு பேரும் 43 வருஷம் கழிச்சு ஒரே மேடைல.

ஏரிக்கரை
சார், அந்த மேடைக்கு டயான் வரல. செப்டம்பர் கடைசில தான் இறந்து போனாங்க, மெடல் நவம்பர்ல. அந்த வருஷ ஆரம்பத்துல மினியாபொலிஸ் சென்ட்ரல் லைப்ரரில ரெண்டு பேரும் சேகரிச்சு வச்ச பொருள எல்லாம் கண்காட்சியா வச்சாங்க, அடிமை காலத்து சாமான், இனப்பாகுபாடு காலத்து போர்டு, லிங்கன் இறுதி ஊர்வல சமயத்துல புடிச்ச துணி பேனர். நான் போயிருந்தேன். பார்த்தவங்க தோணுறத எழுதி வைக்கலாம்னு எடம் வச்சிருந்தாங்க, ஸ்கூல் பசங்க எழுதிட்டு இருந்தாங்க. சிகரெட்ட விடணும்னு அந்தம்மா ஓட ஆரம்பிக்கலன்னா இந்த இழையே இல்ல.

கேன்டன்_அக்கா
வர்ற ஆகஸ்ட்ல ஹால் ஆஃப் ஃபேம் பக்கம் யாராவது வந்தா சொல்லுங்க, நான் கூட்டிட்டு போறேன். வெண்கல தல வச்சிருக்குற ரூம்ல 1988 வரிசைல இருக்கார். பசங்க கேப்பாங்க, இவர் கட்டுன செவுரு எதும்மான்னு. எனக்கு தெரியாது, அங்க வேல பாக்குற ஒருத்தர் கிட்ட இந்த தடவ கேக்கப்போறேன்.

புதுசு_ஃபுட்பால்
அக்கா நான் வர்றேன். அண்ணா சொன்ன லயன்ஸ் மேட்ச் வீடியோவும் கெடச்சுது, இப்ப பாத்துட்டு இருக்கேன், மூணாவது க்வார்ட்டர்ல இருக்கு.